புதன்கிழமைச் சூராட்

குப்பைக்கும் கிழமை உண்டு என்பது பாப்பம்மாவுக்கு ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஞாயிறும் வியாழனும் ஈரக் குப்பை. புதன்கிழமை காகிதம், பிளாஸ்டிக், டின், போத்தல். ஒன்றோடொன்று கலந்தால் சமன் வரும், அபராதம் கட்டவேண்டும் என்றார்கள்.

“செத்தா எரிக்கிறதா பொதைக்கிறதான்னு பாக்குறான். இப்ப குப்பையிலயும் சாதி பிரிச்சிட்டானா?” என்றார் அவள் கணவர் பக்கிரிசாமி. அவருக்கு எதற்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஆனால் பீடோங் பக்கத்து ஆலை ஒன்றில் அவருக்கு இரவுக் காவல், ஜாகா வேலை. விடிந்தபின் வந்து படுத்தால் மத்தியானம் வரை குறட்டைதான். குப்பையின் சாதி எந்தக் கிழமையில் தெருவுக்கு வருகிறது என்பது ஏழு வருஷமாகியும் அவருக்குத் தெரியாது.

பாப்பம்மாவுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவள் மூலை வீட்டு சைதூன். அப்பா வழி கடையநல்லூர், அம்மா கெடா மாநிலத்து மலாய்க்காரர். தமிழும் மலாயும் அவள் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்து வரும்.

“பாப்பாக்கா, கேட்டுக்கங்க. ஹாரி ராபு, புதன்கெழம, சூராட் காபார், கோத்தாக் பெட்டி, டின், எல்லாம் தனித்தனியா வெளிய வைக்கணும். டின்ன கழுவணும். கழுவாம வச்சா சம்பா, வெறும் குப்ப. கழுவி வச்சா சாமான். அவ்ளோதான் லா.”

மற்றவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பாப்பம்மா மனத்தில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷம் பால்மரம் சீவியவள். மங்குக் கிண்ணத்தில் வடிந்த பால் தனி, மங்கிலேயே இறுகிய கட்டிப்பால் தனி, மரத்தில் காய்ந்த கோட்டுப்பால் தனி, மண்ணில் சிந்தியது தனி என்று பிரித்துப் பிரித்தே கை பழகியிருந்தது. வாளியைச் சரியாகக் கழுவாவிட்டால் மறுநாள் பால் திரிந்துபோகும். மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவதற்கு முன்னால் மனமே திட்டும். அந்தக் கைக்கு ஒரு மைலோ டின்னைக் கழுவிக் கவிழ்ப்பதா பெரிய வேலை?

சார்டின் டின்னைக்கூடச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பாள். பழைய பேப்பரை ஓரம் சேர்த்து அடுக்கி, பக்கிரிசாமியின் மோட்டோ டியூபை வாராக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவாள். தோட்டத்தில் பால் தோம்பைச் சைக்கிளில் கட்டும் அதே கட்டு. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் அவிழாது.

இந்தக் கதையில் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். சூராட். மலாய்க்காரர்களின் சொல்தான். தோட்டத்தில் சூராட் என்றால் ஆபீஸிலிருந்து வரும் கடிதம். வேலையை நிறுத்தினால் சூராட், லயத்தைக் காலி செய்யச் சொன்னால் சூராட், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சூராட். “சூராட்டு வந்திருக்கு” என்றால் வீட்டில் சோறு இறங்காது. தாமானுக்கு வந்ததும் சைதூனின் ‘சூராட் காபார்’ காதில் விழுந்து விழுந்து, பழைய செய்தித்தாளுக்கு அந்த வீட்டில் சூராட் என்றே பெயராகிவிட்டது. மகள் யோகேஸ்வரி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆலையிலிருந்து வந்தவுடன் கேட்பாள்: “அம்மா, சூராட்ட கட்டியாச்சா?” பகலில் தூங்கும் பக்கிரிசாமிக்கு மட்டும் சூராட் பழைய சூராட்டாகவே இருந்தது.

பாப்பம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பிறந்தது, ருது ஆனது, தாலி கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் ஒரே தோட்டத்தில். ஆனால் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐசி. பிறந்ததைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, அம்மாவுக்கு எங்கே போவதென்று தெரியாது. எந்த முகப்பில் அட்டையை நீட்டினாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: “எந்த நாட்டிலிருந்து வந்தீங்க?”

அவள் ஒன்பதாம் நம்பர் லயத்திலிருந்து வந்தவள். அதை யாரிடம் சொல்வது?

தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி புத்தகத்தை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். “பாப்பம்மா!” என்றதும் கூட்டத்தின் பின்னாலிருந்து “இருக்கேன்!” என்று குரல் கொடுப்பாள். வரிசையிலேயே அவள் குரல்தான் பெரிது என்று பக்கிரிசாமி இன்றைக்கும் கேலி செய்வார். தோட்டம் போனதோடு அதுவும் போயிற்று. தாமானில் அவள் அக்கா, ஆண்ட்டி, யோகேஸ் அம்மா. ஆபீஸ் முகப்பில் ஒரு நம்பர்.

குடிமக்களுக்கான நீல ஐசிக்கு எழுதிப் போட்டு மூன்று வருஷம் அலைந்த பிறகு ஒரு வழி பிறந்தது. பிரசவம் பார்த்த பிச்சையம்மாள் உயிரோடு இருந்தாள், தொண்ணூற்றொரு வயதில், மகன் வீட்டில். அவளைச் சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிப்போய்ச் சத்தியப் பிரமாணம் செய்ய வைத்து, கைநாட்டு வாங்கி, முத்திரை போட்டு வந்தார்கள். மூன்று மாதத்தில் பிச்சையம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தத் தாளைப் போல இன்னொன்று இனி யாராலும் வாங்க முடியாது. யோகேஸ்வரி கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள்தான். ஆனால் பதிவிலாகாவிலிருந்து வந்த கடிதத்தில், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசலோடு வரவேண்டும் என்று கோடு போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பாப்பம்மா ஆயத்தமாகிவிட்டாள். கைநாட்டுத் தாள், சிவப்பு ஐசியின் நகல், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். கசங்கிவிடக் கூடாதென்று நாலு தாள் செய்தித்தாளைச் சுற்றினாள். கை சும்மா இருக்குமா? டியூப் வாரை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டு. டிவி பக்கத்தில் வைத்தாள். புதன்கிழமைக்கான பேப்பர் கட்டு வழக்கம்போலச் சமையலறை மூலையில் இருந்தது.

புதன்கிழமை விடியற்காலை அவள் ஐந்து மணிக்கே பீடோங்குக்குப் போய்விட்டாள். சைதூனின் அண்ணன் முகம்மது நடத்தும் சாப்பாட்டுக் கடையில் காய் வெட்டும் வேலை. வேலை முடித்து வந்த பக்கிரிசாமி, ஆலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கேட்டருகே பார்த்தார்.

“அப்பா, அம்மா சூராட்ட கட்டி வச்சிருக்கு. எடுத்து கேட்டுகிட்ட வச்சிருங்க. எனக்கு நேரமாச்சு.”

“கேட்டுகிட்டயா? எதுக்கு?”

“எதுக்கா? எடுத்துட்டுப் போவாங்கல்ல! ஏழு மணிக்குள்ள வைங்க, மறந்துறாதீங்க லா!”

பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள். பக்கிரிசாமி யோசித்தார். மகளின் தோழி யாரோ போட்டோஸ்டேட் எடுக்க வாங்கிப் போவாள் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. டிவி பக்கத்துக் கட்டை இரண்டு கையாலும் எடுத்தார். பனி ஈரம் படக்கூடாதே என்று சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டார். கேட்டருகே குப்பைத் தோங்குக்குப் பக்கத்தில், நாய் முகராத உயரத்தில், சுவர் மேல் வைத்தார். இவ்வளவு பொறுப்பாக அவர் அந்த வீட்டில் எதையும் செய்ததில்லை. பிறகு போய்ப் படுத்தார்.

மூன்று மணிக்கு வேலை விட்டு வந்த பாப்பம்மாவின் கண்ணில் முதலில் பட்டது சமையலறை மூலை.

“ஏங்க, எந்திரிங்க. புதன்கிழமை கட்டு இன்னும் உள்ளயே கெடக்கு. லோரி வந்துட்டுப் போயிருச்சு.”

“வச்சிட்டேனே,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “கேட்டுகிட்டதான வைக்கச் சொன்னா ஒம் பொண்ணு.”

“எத வச்சீங்க?”

“சூராட்ட.”

“சூராட்டுதான் உள்ள கெடக்குன்றேன்.”

“அடியே, அது பேப்பரு. நான் சொல்றது சூராட்டு. டிவிகிட்ட நீ கட்டி வச்சியே, ஒன் சூராட்டு.”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாப்பம்மா டிவி பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே தூசி படியாத ஒரு சதுரம் இருந்தது. அவள் கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் பக்கிரிசாமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“திட்டிரு பாப்பா. ரெண்டு வார்த்த திட்டிரு.”

“என்னத்தத் திட்டுறது? நானேதான அத புதன்கிழமை கட்டு மாதிரி கட்டி வச்சேன்.”

அவர் சட்டை போடாமலே மூலை வீட்டுக்கு ஓடினார். சைதூன் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் “அலாமாக்!” என்று அடுப்பை அணைத்தாள். தாமான்காரர்களின் வாட்சப் குழுவில் லோரியின் எண் இருந்தது. அதைப் பிடித்து, அவர்கள் கொடுத்த இன்னொரு எண்ணைப் பிடித்து, பத்து நிமிஷத்தில் விஷயத்தைக் கறந்துவிட்டாள். நம் தெருக் காகிதமெல்லாம் சுங்கைப் பட்டாணி போகிற வழியில் ஒரு கொட்டகைக்குப் போகிறது. ஆறு மணி வரை திறந்திருக்கும்.

“வாங்க பாப்பாக்கா. என் கெரேத்தா இருக்கு, கார்லயே போயிரலாம்.”

“நானும் வரேன்,” என்றார் பக்கிரிசாமி.

“அண்ணே, நீங்க வீட்டுல இருங்க. நீங்க வந்தா அங்க இருக்கிற சூராட்டையும் யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துருவீங்க.”

வேறு நாளாக இருந்தால் அவர் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பார். அன்று ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

செம்பனைக் காட்டைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் கீச்சிட்டது. சைதூன் ஸ்டியரிங் மேல் குனிந்து ஓட்டினாள்.

“அன்னிக்கும் மழைதான்,” என்றாள் பாப்பம்மா. “பிச்சையம்மா பெரியம்மாவ கூட்டிப் போனப்ப. சத்தியம் வாங்குற ஆபீஸ் ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. தூக்கிட்டுப் போறோம்னோம், ஒத்துக்கல. ‘ஒன்ன தூக்கி எடுத்தவ நானு, என்ன நீ தூக்குறியா’ன்னாங்க. ஒவ்வொரு படியிலயும் உக்காந்து உக்காந்து ஏறுனாங்க.”

“தெரியும் லா. யோகேஸ் சொன்னிச்சு.”

“ஆபீஸரு என்னா பொறந்த தேதின்னு கேட்டாரு. அவங்களுக்குத் தேதி தெரியல. ‘இந்தப் புள்ள பொறந்தப்ப அழல. கால புடிச்சி ரெண்டு தட்டு தட்டுனேன். அப்பறந்தான் கத்துச்சு. அன்னிக்குக் கத்துனவ இன்னும் நிறுத்தல. அத எழுதிக்கங்க’ன்னாங்க. அவரு சிரிச்சிட்டாரு. சிரிச்சிட்டு, எழுதிக்கிட்டாரு சைதூன்.”

சைதூன் சாலையைப் பார்த்தபடியே இடது கையை எடுத்துப் பாப்பம்மாவின் மடியில் வைத்தாள். மழைக்கு அப்படி ஒற்றைக் கையால் ஓட்டக் கூடாதுதான்.

கொட்டகையில் இருந்த மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காலையில் வந்த காகிதமெல்லாம் இரண்டு மணிக்கே இயந்திரத்தில் அழுத்தியாகிவிட்டது. வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று கூட்டிப் போனார். கம்பி போட்டு இறுக்கிய காகிதக் கட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. செய்தித்தாள், அட்டைப் பெட்டி, பள்ளிக்கூட நோட்டு, நாள்காட்டி எல்லாம் ஒட்டிக் கல்லாகியிருந்தன. விரல் நுழைய இடமில்லை. எந்தக் கட்டியில் எந்தத் தெரு என்று சொல்லவும் ஆளில்லை.

பாப்பம்மா ஒரு கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“பெரியம்மா, ஒங்க கைநாட்ட தொலச்சிட்டேன். மன்னிச்சிருங்க,” என்றாள்.

மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு எங்கிருந்தோ ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து மூடியைத் திறந்து கொடுத்தார். பாப்பம்மா அதைக் குடித்துவிட்டு, காலிப் போத்தலை எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்து, பிளாஸ்டிக் குவியலைக் கண்டுபிடித்துப் போட்டாள். அந்த நிலையிலும் பழக்கம் விடவில்லை. அப்போதுதான் சைதூனின் கைப்பேசி அடித்தது. பக்கிரிசாமியின் குரல் பக்கத்தில் நின்ற பாப்பம்மாவுக்கே கேட்டது.

“சைதூனு! வந்திருச்சு! சூராட்டு வந்திருச்சு!”

“அண்ணே, எந்த சூராட்டு? தெளிவா சொல்லுங்க!”

“நெஜ சூராட்டு! காபார் இல்ல! கைநாட்டு, முத்திர எல்லாம் இருக்கு! ஒரு மனுசன் நனஞ்சிக்கிட்டு வந்து குடுத்துட்டு நிக்கிறாரு. பாப்பாவ கூட்டிட்டு வா!”

அவர்கள் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வாசல் படியில் லோரிக்காரர் ரிஸால் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, நரைக்கத் தொடங்கிய மீசை. புதன்கிழமைதோறும் தெருவில் காகிதம் எடுத்துப் போகிறவர். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கிரிசாமியின் துண்டு அவர் தோளில் கிடந்தது. கையில் பாலில்லாத கோப்பி ஓ ஆவி பறக்க இருந்தது. உள்ளே மேசையில், பிளாஸ்டிக் உறை ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தது.

பாப்பம்மா நேரே உள்ளே போய் உறையைப் பிரித்தாள். பிச்சையம்மாளின் கட்டை விரல் ரேகை நீல மையில் அப்படியே இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் அழுதாள்.

ரிஸால் படியிலிருந்து எழுந்துகொண்டார். பாப்பம்மாவை மக்சிக், அத்தை, என்று மலாயில் அழைத்து அவர் முதலில் கேட்டது மன்னிப்பு.

“மக்சிக், தப்பா நினைக்காதீங்க. ரொம்ப நாளா உங்க பொருள கேக்காம எடுத்துக்கிட்டிருக்கேன்.”

“எந்தப் பொருள?”

அவர் கேட்டுக்கு வெளியே நின்ற தம் மோட்டோவைக் காட்டினார். பின் கேரியர் முழுக்க டியூப் வார். மீன் கூடை, தூண்டில் கம்பு, மழைக் கோட்டு எல்லாம் பாப்பம்மாவின் வாரால் கட்டியிருந்தன. கைப்பிடியில்கூட இரண்டு சுற்று.

“இந்த மாதிரி வார் கடையில கிடைக்காது. அதனால உங்க கட்ட மட்டும் லோரி பின்னால போடமாட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால வச்சிருவேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அவுத்து, வார எடுத்துக்கிட்டு, காகிதத்த மறுநாள் கொட்டகையில சேத்துருவேன். இன்னிக்கும் அவுத்தேன். உள்ள முத்திர தெரிஞ்சது. ஐசியில உங்க படம் இருந்திச்சு. என் பொஞ்சாதி பாத்துட்டு, ‘இது யாரோட உயிரோ, சோறு அப்பறம் தின்னலாம், கிளம்பு’ன்னா.”

“எங்கேருந்து வரீங்க?” என்று சைதூன் கேட்டாள்.

“குருண்.”

குருணிலிருந்து அந்த மழையில், மோட்டோவில். மழைக் கோட்டைத் தாம் போடாமல் உறையைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அதனால்தான் சட்டை அந்தக் கோலம்.

சைதூன் ஓடிப்போய்த் தன் வீட்டுத் தட்டில் பொரித்த வாழைக்காயும் சோறும் சம்பாலும் எடுத்து வந்தாள். பாப்பம்மா பின்கட்டு மரத்தில் பழுத்த கொய்யாவையெல்லாம் பறித்து ஒரு பை நிரப்பினாள். பக்கிரிசாமி ஜாகா வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் கிளம்பாமல், வீட்டில் மிச்சமிருந்த பழைய டியூப் இரண்டையும் எடுத்து உட்கார்ந்து வாராக வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த நன்றி அது.

“நான் ஒண்ணும் செய்யல மக்சிக்,” என்றார் ரிஸால், சாப்பிட்டுக்கொண்டே. “கட்டு நல்லா இருந்திச்சு. அவ்வளவுதான். உங்க வீட்டு டின்ன தொட்டா கை நாறாது. லோரியில எங்களுக்குள்ள உங்களுக்கு மக்சிக் டின்னுன்னு பேரு. இன்னிக்குத்தான் நெஜப் பேர படிச்சேன். பாப்... பம்... மா. சரியா?”

“சரி,” என்றாள் பாப்பம்மா. “சரியாதான் இருக்கு.”

யோகேஸ்வரி வேலை விட்டு வந்ததும் நடந்ததைக் கேட்டு, முதலில் அழுது, பிறகு அப்பாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “இனிமே இந்த வீட்டுல பேப்பருன்னா பேப்பரு, சூராட்டுன்னா சூராட்டு. சைதூன் அக்காவுக்கும் சொல்லிட்டேன்.” பாப்பம்மா அதைக் காதில் வாங்காமல் உறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பதிவிலாகாவில் அரை மணி நேர வேலைதான். முகப்பிலிருந்த பெண் அசலைப் பார்த்தாள், கைநாட்டின் மேல் ஒரு கணம் விரலை ஓட்டினாள், வாங்கிக்கொண்டாள். முடிவு தெரிய ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம், கடிதம் வரும் என்றாள். பாப்பம்மா அவளுக்கு நன்றி சொன்னாள். வாசல் ஜாகாவுக்கு நன்றி சொன்னாள். நம்பர் சீட்டு கொடுத்தவருக்கும் சொன்னாள். “போதும்மா, லிஃப்டுக்கும் சொல்லிட்டு வா,” என்றாள் யோகேஸ்வரி. பாப்பம்மா லிஃப்டின் கதவை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். பேப்பர் கட்டைக் கேட்டருகே வைத்தாள். கட்டியது ஒரு வார், மேலே சுருட்டிச் செருகியது இன்னும் நாலு வார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டின்கள். ஒரு பையில் கொய்யா. வாசலைக் கூட்டுகிற சாக்கில் துடைப்பத்தோடு நின்றாள். பக்கிரிசாமியும் தூங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதரைக்கு லோரி தெருமுனையில் திரும்பியது. பின் படியில் தொங்கிக்கொண்டிருந்த ரிஸால், ஐந்து வீடு இருக்கும்போதே கையை உயர்த்தினார். இயந்திர இரைச்சலுக்கு மேலே, தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒரு எழுத்துக்கூட உடையாமல் கூப்பிட்டார்:

“பாப்பம்மா!”

துடைப்பம் கீழே விழுந்தது. எந்தப் பெரட்டு, எந்தக் கிராணி என்று நினைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. நெஞ்சு நிமிர்ந்து, குரல் தானாகக் கிளம்பியது.

“இருக்கேன்!”